ஒன்பதாம் வசனத்தை வாசிக்காத ஞாயிறு

போன கிழமை உங்களில் ஒருவர் தொலைபேசி எடுத்தார். பெயர் சொல்லமாட்டேன், வெட்கப்படுவார். "ஐயா, எபிரெயர் நிருபம் ஆறாம் அதிகாரத்துக்கு நல்ல விளக்கவுரை ஒண்டு சொல்லுங்கோவன். வாற மாதம் அதிலைதான் பிரசங்கம்" என்றார். என் அலுமாரியில் ஐந்தாறு கிடக்கின்றன, கறையான் தின்றது போக. தலைப்புகளைச் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நிமிடக் கதைதான். என் வீட்டுத் தொலைபேசி அடிப்பதே அருமை, இன்னும் கொஞ்சம் கதைத்திருக்கலாமே என்று இருந்தது. அதைவிட, அந்த அதிகாரத்தைப் பற்றி நான் உண்மையில் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆகவே எழுதுகிறேன். ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் வாசிக்கலாம்.

வசனம் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒளியைக் கண்டு, வரப்போகும் உலகின் நன்மையை ருசி பார்த்து, அதன் பிறகும் விழுந்துபோனவர்களை மறுபடி மனந்திரும்ப வைப்பது நடவாத காரியம் என்று அந்த நிருபத்தை எழுதியவர் சொல்கிறார். சுற்றிவளைப்பு இல்லை. முட்செடி முளைக்கிற நிலத்தின் கதியையும் உடனே சொல்லிவிடுகிறார். அதை எப்படி இளக்குவது என்று நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியிருக்கிறார்கள். நான் அதை இளக்கவில்லை. நான் செய்தது வேறு பிழை. அதை எந்த விளக்கவுரையும் சொல்லாது.

கொக்குவிலுக்கும் மானிப்பாய்க்கும் இடையில் ஒரு சபையில் அப்போது நான் போதகர். தவராசா என்றொருவர். வயரிங் வேலை செய்கிறவர். சைவ வீட்டுப் பிள்ளை. முப்பது வயதில் தானாக யோசித்து, இரண்டு வருடம் என்னோடு வாதாடி, பிறகு ஞானஸ்நானம் பெற்றார். நான்தான் கொடுத்தேன். எங்கள் சபைப் பெண் மனோகரியைக் கலியாணம் முடித்தார். பாலர் பாடசாலை ஆசிரியை. வாயில் வந்ததை வாயிலேயே வைத்திருக்கத் தெரியாத பிள்ளை.

ஞானஸ்நானம் பெற்று மூன்றாம் வருடம் தவராசாவின் தாய் காலமானார். அவர் ஒரே மகன். எங்கள் சபைகளில் இப்படியான வீடுகளுக்கு ஒரு எழுதாத ஒழுங்கு இருக்கிறது, நீங்களும் கண்டிருப்பீர்கள். கிறிஸ்தவனான மகன் செத்த வீட்டில் நிற்கலாம், பாடை தூக்கலாம், கிரியையில் மட்டும் கை வைக்கக்கூடாது. கொள்ளி வைக்கத் தாயின் தங்கை மகன், ஒரு பெறாமகன், வருவான் என்று பேசியிருந்தார்கள். காணித் தகராறில் அவன் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டான். தவராசா முழுகி, தலை மழித்து, நீறு பூசி, ஐயர் சொன்னபடி எல்லாம் செய்து தாய்க்குக் கொள்ளி வைத்தார்.

மூன்றாம் நாள் சபையில் மூன்று பேர் நான் இருந்த மிசன் வீட்டுக்கு வந்தார்கள். "ஐயா, உவன் செய்ததைக் கேள்விப்பட்டனீங்களோ? நீங்கள் சும்மா இருந்தால் நாளைக்கு எல்லாரும் செய்வினம்."

நான் அன்றைக்குச் செய்திருக்கவேண்டியது மிகச் சின்னக் காரியம். சைக்கிளை எடுத்து, பத்து நிமிடம் மிதித்து, துக்க வீட்டில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். ஏன் செய்தீர் என்று கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். நான் போகவில்லை. சண்டை வரும், அழுகை வரும், எனக்கு மறுமொழி வராது என்று பயம். அதற்குப் பதிலாக நம்மவர்கள் காலங்காலமாகச் செய்வதைச் செய்தேன். பிரசங்கபீடத்தில் ஏறிப் "பொதுவாக" சொன்னேன்.

இந்தப் பொதுவாகச் சொல்லுகிற வித்தை உங்களுக்கும் சீக்கிரம் கைவந்துவிடும், கவனம். பெயர் சொல்லுவதில்லை, அதனால் கண்ணியம் காத்ததாக ஒரு நினைப்பு. யாருக்கு என்று இருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வார். அடி வாங்குகிறவன் எழும்பி "ஏன் ஐயா அடிக்கிறியள்" என்று கேட்கமுடியாது, ஏனென்றால் நீங்கள்தான் ஒருவரையும் அடிக்கவில்லையே!

மழித்த தலையோடு அவர் மூன்றாம் வாங்குப் பலகையில் இருந்தார். நான் ஆறாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து எட்டாம் வசனம் வரைக்கும் வாசித்தேன். ஒன்பதாம் வசனம் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அதன்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு வேதாகமத்தை மூடினேன். பிறகு அரை மணி நேரம் இடித்தேன். வாசலில் கை குலுக்கும்போது, "நல்ல காரமான பிரசங்கம் ஐயா" என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோசம்தான், ஏன் மறைக்கவேண்டும். தவராசாவும் வழக்கம்போலக் கை தந்து, "போட்டு வாறன் ஐயா" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து, எல்லாரும் முன்னே வந்து அப்பமும் கிண்ணமும் வாங்குகிற நாள். மேசையில் விரிப்பை எடுத்ததும் அவர் எழும்பி வெளியே போனார். சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்றுவிட்டு, கடைசிப் பாட்டுக்குத் திரும்பி வந்தார். ரோசம், ஆறட்டும் என்று விட்டேன். ஆறு மாதத்தில் எனக்கு வன்னிக்கு மாற்றம் வந்தது. போய்விட்டேன்.

அந்தப் பிரசங்கத்துக்குப் பதினொரு வருடம் கழித்து, ஓய்வுக்கு முன் கடைசி இடமாக அதே சபைக்கு என்னை அனுப்பினார்கள். இடையில் என் மனைவி வன்னியில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் கனடாவில். மிசன் வீட்டில் நாலு அறை, நான் பாவித்தது ஒன்று. காலையில் பாண், மத்தியானம் யாராவது கொண்டுவந்து தருகிற சோறு, பின்னேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு ஒரு கதிரை. சபை நிறைய ஆட்கள், கதைக்க ஒருவரும் இல்லை. போதகருடைய தனிமை அது. எல்லாரும் தங்கள் பாரத்தை உங்களிடம் இறக்குவார்கள். உங்களுடையதை இறக்க ஒரு வீட்டுக்கும் போகமுடியாது.

வந்த முதல் திருவிருந்து ஞாயிறு, மேசை விரிப்பை எடுத்தேன். கடைசி வாங்கில் ஒரு நரைத்த தலை எழும்பி வெளியே போனது. தவராசா. மனோகரி தனியே முன்னுக்கு வந்து முழங்காலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு முன் அங்கே இருந்த போதகரைத் தொலைபேசியில் கேட்டேன். "நீங்கள் அவரைத் திருவிருந்திலையிருந்து விலக்கி வைச்சது எண்டெல்லோ நினைச்சன் ஐயா? உங்கடை காரியத்திலை நான் எப்பிடிக் கை வைக்கிறது?" என்றார். அவருக்கு முந்தினவரும் அப்படியே நினைத்திருக்கிறார். ஒரு போதகர் போட்ட முடிச்சை அடுத்தவர் அவிழ்ப்பதில்லை. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் முடிச்சே போடவில்லை. சபைப் புத்தகத்தில் அவரை விலக்கியதாக ஒரு வரி இல்லை. ஒருவரும் விலக்காத மனிதர் பதினொரு வருடம் விலகி நின்றிருக்கிறார்.

அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. எங்கள் சபைக் கோயிலின் வயரிங் எல்லாம் அவருடைய கைதான். ஒரு சனிக்கிழமை ஏணி வைத்து, திருவிருந்து மேசைக்கு மேலே இருக்கிற லைட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்றேன். "ஏணியைப் பிடிக்கட்டோ?" என்றேன். "வேண்டாம் ஐயா, நிக்கும்" என்றார். அவ்வளவுதான் எங்கள் சம்பாசணை. கேட்டிருக்கலாம். நாலு மாதம் இப்படியே ஓடியது. வெட்கம் என்பது எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று அந்த நாலு மாதத்தில் கண்டேன்.

பிறகு ஒருநாள் முற்பகல் மனோகரி வந்தாள். இரு பிள்ளை என்றேன். இருக்கவில்லை.

"அவருக்கு ஈரலிலை புற்றுநோயாம் ஐயா. கொழும்பிலையும் காட்டியாச்சு. இனி மருந்து இல்லை, வீட்டை கொண்டுபோங்கோ எண்டிட்டினம்."

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"பொறுங்கோ. நான் சொல்லி முடிக்கிறன். அவர் சாகப் பயப்பிடேல்லை. செத்தாப்பிறகு கதவு பூட்டிக் கிடக்கும் எண்டு பயப்பிடுறார். நீங்கள் அண்டைக்கு வாசிச்ச வசனம். பதினொரு வருசமா நான் தனியப் போய் முழந்தாளிலை நிக்கிறன் ஐயா. புருசன் வெளியிலை சைக்கிளுக்குப் பக்கத்திலை நிக்கிறார். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை."

"பிள்ளை, அந்த வசனம் ஒரு எச்சரிக்கை—"

"எச்சரிக்கை எண்டு எனக்குத் தெரியாதோ? சண்டை முடிஞ்சு எங்கடை தென்மராட்சிக் காணிக்குப் போகேக்கை வழி முழுக்க மண்டையோடு கீறின சிவத்தப் போட். மிதிவெடி, போகாதை எண்டு. அது ஆருக்கு வைக்கிறது? இன்னும் காலை வைக்காதவனுக்கு. காலை வைச்சு விழுந்து கிடக்கிறவனுக்குப் பக்கத்திலை நிண்டு ஆரும் போட்டை வாசிச்சுக் காட்டுவினமோ? அவனைத் தூக்கவெல்லோ ஓடுவினம்!"

அலுமாரிப் புத்தகம் ஒன்றிலும் இது இல்லை. அன்று பின்னேரமே, அப்பமும் கிண்ணமும் வைக்கிற சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ரயில் பாதைக்குக் கிட்ட வீடு. முன் அறையில் கட்டில் போட்டிருந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டார். கண் மஞ்சள். பெட்டியைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"உதைத் திறவாதேங்கோ ஐயா."

"ஏன்?"

"விழுந்தவனைத் திருப்பி எழுப்பேலாது எண்டு சொன்னனீங்கள். நான் தெரிஞ்சுதான் விழுந்தனான். அம்மாவை அப்பிடி அனாதையா விடேலாமல் விழுந்தனான். அதுக்கு இண்டைக்கும் எனக்கு மனவருத்தம் வரேல்லை ஐயா. எத்தினை தரம் முயற்சி செய்து பாத்தனான். வருகுதில்லை. அதுதான் பயமாக் கிடக்கு. மனந்திரும்பேலாது எண்டு எழுதிக் கிடக்கிறது என்னைப் பற்றித்தானே?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இப்படி ஒருவர் உங்களைக் கேட்கும்போது, ஆறுதலாக ஏதும் சொல்லிப் பெட்டியைத் திறந்துவிட மனம் உந்தும். எனக்கும் உந்தியது. "அப்பிடி ஒண்டும் இல்லை" என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் கண்டுகொண்டார்.

"சாகப்போறவன் எண்டு இரங்கி வசனத்தை இளக்காதேங்கோ. வயரிங்கிலை பிழை எண்டால் பிழைதான். வீட்டுக்காரன் நல்லவன் எண்டு கறண்ட் அடியாமல் விடாது."

"இளக்கேல்லை," என்றேன். "ஒண்டு கேக்கிறன். திரும்பி வரேலாது எண்டு நம்பின நீர் ஏன் ஒவ்வொரு ஞாயிறும் வந்தனீர்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வேறை எங்கை போறது?" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த அதிகாரம் விளங்கியது. நாற்பது வருட ஊழியத்தில் அன்றைக்குத்தான். அந்த நிருபம் சபை கூடியிருக்கும்போது சத்தமாக வாசிக்க எழுதப்பட்டது. முற்றாக விட்டுப்போனவன் கேட்க வந்திருக்கமாட்டான். கேட்டுக்கொண்டு இருப்பவன், தனக்கோ என்று நடுங்குபவன், அவன் போகாதவன். அவனைப் போகாமல் பிடிக்கத்தான் அவ்வளவு கடுமை. வேதாகமத்தைத் திறந்து நாலாம் வசனத்திலிருந்து வாசித்தேன். ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை. எட்டாம் வசனம் வந்ததும் அவர் கண்ணை மூடினார். நான் நிறுத்தாமல் ஒன்பதாம் வசனத்தையும் வாசித்தேன். அங்கே அந்த நிருபத்தை எழுதியவர் தொனியை மாற்றுகிறார். இவ்வளவும் சொன்னாலும் உங்களைப் பற்றி எங்களுக்கு நல்ல நம்பிக்கைதான் என்கிறார். பிரியமானவர்களே என்று கூப்பிடுகிறார். நான் தேடிப் பார்த்த அளவில் அந்த நிருபம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் அப்படிக் கூப்பிடுகிறார்.

தவராசா கண்ணைத் திறந்தார். "உது அங்கை கிடக்கோ?"

"ஓம். அடுத்த வரி."

"நான் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கேல்லை ஐயா." பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார். "உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"தெரியும்."

"பின்னை ஏன் வாசிக்கேல்லை?"

"வாசிச்சால் பிரசங்கத்தின்ரை கூர் போயிடும் எண்டு."

மனோகரி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். ஒரு ரயில் போனது.

"பதினொரு வருசம் ஐயா," என்றார்.

அம்மாவுக்குச் செய்ததற்கு அவர் மனவருத்தப்படவேண்டும் என்று நான் கேட்கவில்லை என்றேன். அது விழுகைதானா என்பதே எனக்கு இன்றைக்கும் தெரியாது, அன்றைக்கு வந்து கேட்டிருக்கவேண்டியவன் நான் என்றேன். அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். கடைசியில், "அண்டைக்கு ஊருக்கு முன்னாலை அரைவாசி வாசிச்சனீங்கள். மிச்சத்தையும் அங்கையே வாசியுங்கோ. பிறகு வாருங்கோ, பெட்டியைத் திறப்பம்" என்றார்.

சபை மூப்பர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து மறித்தார். "ஐயா, உதை அவனிட்டைத் தனியச் சொன்னால் போதும்தானே. பீடத்திலை ஏறிப் போதகர் தன்னைத்தானே குறைச்சுக் கதைச்சால் ஆர் மதிப்பினம்?" தனியச் சொல்லவேண்டியதை ஊருக்குச் சொன்னதால்தான் இவ்வளவும் வந்தது, ஊருக்குச் சொன்னதை இனி ஊருக்குத்தான் திருத்தவேண்டும் என்றேன். அவர் முகத்தை நீட்டிக்கொண்டு போனார்.

ஞாயிறு மனோகரி முன் வாங்கில் தொலைபேசியை மடியில் வைத்திருந்தாள். மறு பக்கத்தில் வீட்டில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிரசங்கம் செய்யவில்லை. நாலிலிருந்து ஒன்பது வரைக்கும் வாசித்தேன். பதினொரு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நின்று எட்டோடு நிறுத்தினேன் என்றும், தெரிந்தே நிறுத்தினேன் என்றும், அதனால் இந்தச் சபையில் ஒருவர் மேசைக்கு வராமல் நின்றார் என்றும், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் இருமினார். வாசலில் கை குலுக்கும்போது பலர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானச் சோறும் வரவில்லை. பாணைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை போனேன். பெட்டியைத் திறந்தேன். விழுங்கக் கஷ்டம் என்று ஒரு பொட்டு அப்பம்தான் கொடுத்தேன். மனோகரி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று அவரோடு சேர்ந்து வாங்கினாள். அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. தவராசா அழவில்லை. வெகு நேரம் கையைக் கூப்பியபடி கிடந்தார். முகம் தெளிந்திருந்தது. பயம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எழும்பும்போது அடக்கமுடியாமல் கேட்டேன். "தவராசா, என்னை மன்னிப்பீரோ?"

அவர் யோசித்தார். யோசிக்காமல் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படியான ஆள் இல்லை.

"அது ஆண்டவற்றை மேசை. அவர் கூப்பிட்டார், வந்தன். உங்கடை காரியம் வேறை ஐயா. அதுக்கு எனக்குக் கொஞ்ச நாள் தாருங்கோ."

"எடும்," என்றேன்.

பிறகு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் மருந்து மயக்கத்தில் நித்திரை. ஒன்பதாம் நாள் காலமானார். நான்தான் அடக்க ஆராதனை நடத்தினேன்.

ஒரு கிழமை கழித்து மனோகரியைப் பார்க்கப் போனேன். ஆறுதல் சொல்ல என்று சொல்லிக்கொண்டு போனேன். தேத்தண்ணி தந்தாள். சுற்றிச் சுற்றிக் கதைத்துவிட்டு, கடைசியாக, "என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"கடைசி நாளுகளிலை அவர் நிறையக் கதைச்சவர் ஐயா. தன்ரை அம்மாவைப் பற்றிக் கதைச்சவர். பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டவர். உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டுமே?"

"ஒண்டும் இல்லை. நான் பொய் சொல்லமாட்டன் ஐயா."

அவள் ஓம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அந்தப் பொய்யை வாங்கத்தான் அங்கே போயிருந்தேன் என்பது படலையைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோதுதான் விளங்கியது. அடுத்த வருடம் ஓய்வு பெற்று இந்த வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நாள் தாருங்கோ என்று கேட்டார் அல்லவா, அவர் கேட்ட அந்தக் கொஞ்ச நாளை நான் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.